ஒரு காசுத் தடிமன்

லென்ஸுக்கு என் மனைவி நோரீனின் வைக்கோல் தொப்பியை மாட்டி, காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, இருவராகப் போகிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதையில் நான் ஓட்டிப் போனது உண்மைதான். வென்ச்சுரா நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். உடம்பைப் பார்த்தார். “அம்மாவுக்கு பெல்ட் கொஞ்சம் லூசா இருக்கு, பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இறுக்கிவிட்டேன்.

அந்த லென்ஸுக்குப் பெயர் கெர்ட்ரூட் அத்தை. கேமரா வாடகைக் கடைக்குச் சொந்தமான, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் பழைய ஜூம். நான்கு வயதுப் பிள்ளையின் நீளம், ஆறு வயதுப் பிள்ளையின் கனம், இரண்டு வயதுப் பிள்ளையின் அடம். ஒருமுறை ஓர் இயக்குநர் மொஹாவிப் பாலைவனத்தில் அதை முழுக்க இழுத்துப் பார்த்தார். எதிர்மலையில் அவருடைய முன்னாள் மனைவி புதுக் கணவரோடு உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைய படப்பிடிப்பு ரத்து. சாண்ட்விச்சில் வெங்காயம் இருந்தது என்பதுவரை எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இவ்வளவு கனத்தைக் கேமராவின் முகத்தில் சும்மா தொங்கவிட முடியாது. விட்டால் மூக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். அதனால் கேமராவுக்கு அடியில் ஒரு தட்டு, தட்டிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கம்பிகள், கம்பிகளின் மேல் நின்று லென்ஸின் வயிற்றைத் தாங்க ஒரு தாங்கி. இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும். கல்யாணத்தில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் ஓடிவிடும். இதில் ஓடாது.

பொருத்தம் பார்ப்பது என் வேலை. நான் ஓரின் பாஸ்கம், பர்பேங்க்கில் கேமராவின் முதல் உதவியாளன். படம் அழகாக இருந்தால் ஒளிப்பதிவாளருக்குப் பேர். மங்கலாக இருந்தால் எனக்குப் பேர். அறுபத்தெட்டு வயதில் என்னை வேலைக்குக் கூப்பிடுகிற ஒளிப்பதிவாளர் ஒரே ஒருவர்தான் மிச்சம் இருந்தார்: லெனோர் ஆஸ்ட்ராண்டர். மற்றவர்கள் பிறந்தநாளன்று மட்டும் கூப்பிடுவார்கள், இன்னும் இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள.

அந்த வசந்தத்தில் லெனோருக்கு ஒரு கௌபாய்த் தொடர் கிடைத்தது. லோன் பைன் பாறைகளில் ஆறு மாத வேலை. கெர்ட்ரூட் அத்தை வேண்டும், கூடவே ஓரினும் வேண்டும் என்றார். இந்த ஆறு மாதம் கையில் நின்றால் நான் கேமராக்காரன். நழுவினால் நோரீன் கழுவி வைக்கிற தட்டுகளைத் துடைக்கிறவன். அந்தத் தட்டுகளிலும் எனக்குப் பொருத்தம் தெரியும் என்பது வேறு விஷயம்.

படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் வாடகைக் கடையில் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்து, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்ற வேண்டும். போகும்போது இளஞ்சிவப்பு அட்டைப் பெட்டி நிறைய டோனட் வாங்கிக்கொண்டு போவது எங்கள் தொழிலின் மரபு. டோனட் இல்லாமல் போனால் எல்லாத் தட்டும் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்குரூ குறையும்.

கடையின் தளத்தைப் பார்த்துக்கொள்பவன் ஹோவிக் சரஃப்யான், க்ளெண்டேல் அர்மீனியன். யாரைக் கூப்பிட்டாலும் பேருக்குப் பின்னால் ஒரு ‘ஜான்’ போட்டுக் கொஞ்சுவான். வாடகை பாக்கி வைத்தவனையும் அப்படித்தான் திட்டுவான்.

“ஓரின் ஜான்! உயிரோடதான் இருக்கியா? ஜெல்லி வெச்சது வாங்கினியா?”

“ரெண்டு இருக்கு. ஒண்ணு டெல்லுக்கு.”

“டெல் முன்னாடியே வந்துட்டான். உன் டோனட்டுக்காக இல்ல, வேலைக்காக. பாத்தியா, இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன்.”

டெல் என்றால் ரஸ் டெல்வெக்கியோ, என் இரண்டாவது உதவியாளன். ஏறக்குறைய இருபது வருடமாக என் இடது பக்கம் நிற்கிறவன். அவன் கல்யாணத்தில் மோதிரம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் மகளுக்குப் பல் விழுந்தால் முதல் போன் நோரீனுக்கு வரும். என்னை ‘பெருசு’ என்பான். நான் அவனை ‘டேய்’ என்பேன். இரண்டும் எங்களுக்குள் பட்டங்கள்.

அந்தத் தொடருக்கு இரண்டு கேமராக்கள். முதலாவது, அத்தையைச் சுமக்கப்போகும் கேமரா, புது மாடல். செங்கல் அளவுதான் இருக்கும். உடம்பு குட்டை என்பதால் லென்ஸின் நடுப்புள்ளி கம்பிகளுக்கு மிக அருகில் இறங்கிவிடும். அதைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவர, கேமராவுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஓர் உயரத்தட்டு வைக்க வேண்டும். ஹோவிக் இரண்டு உயரத்தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒன்று முதல் கேமராவுக்கென்று செய்தது. நான்கு ஸ்குரூ, சாவி போட்டுத்தான் கழற்ற முடியும். இன்னொன்று இரண்டாவது கேமராவுக்கு உரியது. பக்கவாட்டில் ஒரு நெம்புகோல், தட்டினால் கேமரா கையோடு வந்துவிடும். பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். தம்பி ஒரு காசுத் தடிமன் குட்டை.

டெல் நெம்புகோலைத் தட்டித் தட்டிப் பார்த்தான். டக், டக்.

“பெருசு, ரெண்டு கேமராவுக்கும் இதையே போட்டா என்ன? அங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ முக்காலிலருந்து கிரேனுக்கு மாத்தணும், கிரேன்லருந்து தோளுக்கு மாத்தணும். ஒவ்வொரு தடவையும் நாலு ஸ்குரூவா? கையில கொப்புளம் வந்துரும்.”

“அது குட்டை.”

“ஒரு காசு அளவுதான.”

“கேமரா ஒரு காசு இறங்கும். தாங்கி இறங்காது. அத்தையோட வயித்துல முட்டும்.”

“தாங்கிய இறக்கிக்கலாம்ல?”

அத்தையைத் தாங்குவது என் சொந்தத் தாங்கி. அவள் வயிற்றின் வளைவுக்கு எந்தக் கடையிலும் தாங்கி கிடையாது. சன் வேலியில் ஒரு லேத்துக்காரரிடம் கடைந்து வாங்கியது. அதன் கால் அடிமட்டத்தில் நிற்கும்போதுதான் முதல் கேமராவின் உயரத்துக்குச் சரியாக வரும். அதற்குக் கீழே அது இறங்காது. இதை டெல்லிடம் சொன்னேன். அவனுக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை நான் திரும்பச் சொன்னால் அவன் மூக்கைச் சொறிவான். சொறிந்தான்.

“கம்பியாவது மெல்லிசா எடுத்துக்கலாமா? கிரேன்காரங்க எல்லாம் மெல்லிசுதான் வெச்சிருக்காங்க.”

“மெல்லிசுக் கம்பியில அத்தைய ஏத்தின கதை உனக்குச் சொல்லியிருக்கேன்.”

“ஐயோ, வேண்டாம்.”

“காலையில ஏத்தினாங்க. கம்பி கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சுது. யாரும் கவனிக்கல. சாயந்தரம் கேமரா தன்னோட முக்காலிக் காலையே படம் எடுத்துக்கிட்டு நின்னுது.”

“விமர்சகருங்க அத ‘மண்ணின் பார்வை’ன்னு எழுதினாங்க. தெரியும் பெருசு, தெரியும்” என்று டெல் முடித்து வைத்தான்.

“விருதும் கிடைச்சுது ஜான்” என்றான் ஹோவிக், வாயில் ஜெல்லியோடு. அவன் எப்போதும் என் பக்கம்.

கடைசியில் நான் சொன்னபடிதான் ஆனது. தடித்த கம்பி, நாலு ஸ்குரூ உயரத்தட்டு, என் தாங்கி. எல்லாவற்றுக்கும் கீழே, முக்காலியில் வழுக்கிப் பூட்டும் நீளமான சறுக்குத்தட்டு. அதிலும் ஐரோப்பிய ஜாதி, அமெரிக்க ஜாதி என்று இரண்டு உண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் பூட்டாது. பிஷப் ஊருக்குப் பக்கத்தில் அப்படிப் பூட்டாத ஒரு கேமரா மலைச்சரிவில் வழுக்கிப் போனது. மறு வருடம் பக்கத்து மாநிலமான நெவாடாவில் கண்டெடுத்தார்கள். ஓடிக்கொண்டே இருந்தது. ஹோவிக் சரியான ஜாதியையே தேடிக் கொடுத்தான்.

பிறகு சோதனை. ஒரு துண்டுக் காகிதத்தைத் தாங்கிக்கும் லென்ஸின் வயிற்றுக்கும் நடுவில் நுழைத்து இழுக்க வேண்டும். சும்மா வந்தால் தாங்கி தாங்கவில்லை. வராமல் கிழிந்தால் தாங்கி லென்ஸைத் தூக்குகிறது. தயங்கித் தயங்கி வர வேண்டும். எனக்குத் தயங்கித் தயங்கி வந்தது. திருப்தியோடு உயரத்தட்டின் விளிம்பில், ஸ்குரூக்கள் மேல், சிவப்பு டேப் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தேன். முதல் உதவியாளன் சிவப்பு டேப் ஒட்டினால் அதற்குப் பிறகு யாரும் அங்கே கை வைப்பதில்லை. அவன் மனைவி வந்து கேட்டாலும் கை வைப்பதில்லை.

டேப் ஒட்டுவதிலும் ஆளுக்கு ஆள் கை உண்டு. டெல் எங்கே டேப் ஒட்டினாலும் நுனியைச் சின்னதாக உள்பக்கம் மடித்துவிடுவான், அடுத்து உரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக் கஷ்டப்படக் கூடாதென்று. நல்ல பழக்கம். பெட்டி, கேபிள், அவன் மகளின் சாப்பாட்டு டப்பா, எல்லாவற்றிலும் அந்த மடிப்பு இருக்கும். நான் ஸ்குரூக்கள் மேல் ஒட்டும்போது மடிப்பதில்லை. அது உரிப்பதற்காக ஒட்டுவதல்ல.

மறுநாள் லெனோர் வந்தார். வெள்ளைத் தலைமுடி, ஆண் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. எங்கள் தொழிலில் ஒளிப்பதிவாளரை ‘பாஸ்’ என்போம். அத்தையைப் பூட்டிய கேமராவை ஒரு சுற்று சுற்றி வந்து, அதன் முதுகில் குதிரையைத் தட்டுவதுபோல் தட்டினார். என்னை ஹாலின் மறுகோடிக்கு அனுப்பி, தரையில் தூரங்களை அளந்து குறிக்கச் சொன்னார். குறித்தேன். திரும்பி வந்தபோது கேமரா ஓடத் தயாராக இருந்தது. என் சிவப்பு டேப் அதன் இடத்தில் இருந்தது. நான் அதை மறுபடி சோதிக்கவில்லை. என் டேப்பை நானே சந்தேகப்பட்டால் வேறு யார் நம்புவார்கள்?

நடிகர்கள் யாரும் இல்லாததால் ஹோவிக்கை ஸ்டூலில் உட்கார வைத்தோம். எதிரே பெரிய திரை. நான் அவன் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தேன். புருவத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. அதற்குக் கீழே மூக்கு கொஞ்சம் குழைந்தது. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை.

“என் மீசை எங்க?” என்றான் ஹோவிக்.

“அசையாத” என்றேன்.

“அசையல ஜான். மீசை எங்க? காலையில இருந்துச்சு.”

நான் ஃபோகஸை மீசைக்குக் கொண்டுவந்தேன். மீசை வந்தது. புருவம் போய்விட்டது. முன்னால் போனேன், பின்னால் வந்தேன். ஹோவிக்குக்குப் பாதி முகம்தான் எப்போதும். லென்ஸ் கேமராவோடு நேராக நிற்காமல் மேல் நோக்கித் தூக்கியிருந்தால்தான் இப்படி வரும். அது எனக்குத் தெரியும். தாங்கி அதைத் தூக்குகிறது. ஆனால் நேற்றுக் காகிதம் தயங்கித் தயங்கி வந்ததே!

லெனோர் கண்ணாடியை மாட்டித் திரையின் பக்கத்தில் போனார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பாமலே கேட்டார்:

“இத யார் செட் பண்ணது?”

நான் வாயைத் திறப்பதற்குள் டெல் பேசிவிட்டான். சாதாரணக் குரலில், காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்று சொல்வதுபோல.

“ஓரின்தான் பாத்தாரு, பாஸ். பேப்பர் விட்டுப் பாத்து டேப்பும் ஒட்டினாரு. அவரு ஒட்டினப்புறம் நான் எதையும் தொடுறதில்ல.”

ஒரு வார்த்தையும் பொய்போல் ஒலிக்கவில்லை. எனக்கே அது உண்மை என்றுதான் பட்டது.

லெனோர் என்னை வெளியே கூட்டிப்போனார். கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஆரஞ்சு மரம் உண்டு. அதன் அடியில் நின்றுகொண்டு என் தோளில் கை வைத்தார். வேலைக்கு வைக்கிறவர் தோளில் கை வைத்தால் நல்லதுக்கில்லை என்று இந்த ஊரில் நாய்க்கும் தெரியும்.

“ஓரின், கண்ணுக்கு வயசாகும். விரலுக்கும் வயசாகும். எனக்கும்தான். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.”

“பாஸ், எனக்கு அரை மணி நேரம் குடுங்க. கழட்டிப் பாத்துடறேன்.”

“நாளைக்கு லாரி கிளம்புது. அங்க பாறை மேல நின்னுக்கிட்டு அரை மணி நேரம் கேட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? டெல் உங்க இடத்துல இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. நோரீன் சந்தோஷப்படுவா.”

நோரீனை அவர் ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அன்றும் நோரீன் சந்தோஷமாக இல்லை.

ஆறு மாதம் ஓர் ஆரஞ்சு மரத்தடியில் முடிந்துவிட்டது. நான் தலையாட்டினேன். மங்கல் என் பேரில் இருந்தது. மங்கல் யார் பேரில் இருக்கிறதோ அவன் வாதாடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் மரியாதை.

உள்ளே போனேன். என் தாங்கியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். டெல் அங்கே இல்லை. லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். கெர்ட்ரூட் அத்தையை இறக்கி அவள் பெட்டியில் படுக்க வைத்தேன். தாங்கியைக் கழற்றினேன். கேமராவைக் கையில் தூக்கலாம் என்று சாவியைத் தேடும்போது கைமுட்டி டேப்புக்கு மறுபக்கம் எதிலோ பட்டது. டக்.

கேமரா கையோடு வந்துவிட்டது.

கீழே பார்த்தேன். நெம்புகோல் தட்டு. தம்பி. பையிலிருந்து பத்து சென்ட் காசு ஒன்றை எடுத்து, மேசையடியில் கிடந்த அண்ணனையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தம்பி தலைமேல் காசை வைத்தேன். இரண்டும் ஒரே உயரம். விரலால் தடவினால் படிக்கட்டே தெரியவில்லை.

அந்தத் தட்டின் விளிம்பில் என் டேப்பைப் போலவே ஒரு சிவப்பு டேப். அதே நீளம், அதே இடம். கட்டைவிரல் தேய்த்த பளபளப்பும் இருந்தது. நுனியில் மட்டும், உள்பக்கமாக, ஒரு சின்ன மடிப்பு.

எவ்வளவோ பேர் எனக்குக் கெடுதல் செய்திருக்கிறார்கள். ஒருவனும் செய்து முடித்த பிறகு நான் எளிதாக உரிப்பதற்கென்று நுனியை மடித்துக் கொடுத்ததில்லை.

ஏற்றுமேடையில் டெல்லைப் பிடித்தேன். கையில் ஜெல்லி டோனட். நான் அவனுக்கென்று வாங்கியது, நேற்றையது. உரித்த டேப்பை அவன் சட்டைப் பையில் ஒட்டினேன். குனிந்து பார்த்தான். மூக்கைச் சொறிந்தான். சர்க்கரை மூக்கில் ஒட்டிக்கொண்டது.

“பெருசு...”

“எப்ப மாத்தின?”

“நீங்க அந்தக் கோடியில அளந்துகிட்டு இருந்தப்போ.”

“நான் வேணாம்னு சொன்னேன்ல?”

“நானா மாத்தல. பாஸ்தான் மாத்தச் சொன்னாங்க. தயாரிப்பு ஆளுங்க வேகமா வேணும்னு அவங்கள நச்சரிச்சிருக்காங்க. ‘அந்த லீவர் தட்ட போட்ரு, ஓரின் கிட்ட சொல்லாத, சொன்னா மத்தியானம் வரைக்கும் கதை சொல்லிக்கிட்டு இருப்பாரு’ன்னாங்க.”

“நீ ஏன் தாங்கியப் பாக்கல?”

“பாத்தேன் பெருசு. இறக்கப் பாத்தேன். இறங்கல. பரவால்ல, கொஞ்சம்தானன்னு விட்டுட்டேன்.”

“டேப் எதுக்குடா ஒட்டின?”

“அங்க டேப் இல்லன்னா நீங்க கேப்பீங்கல்ல.”

இருபது வருடத்தில் அவன் எனக்குச் சொன்ன மிக நேர்மையான பதில் அதுதான்.

“சரி. பாஸ் கேட்டப்ப என்ன சொன்ன? ‘அவரு ஒட்டினப்புறம் நான் தொடுறதில்ல.’”

டெல் டோனட்டைப் பார்த்தான். அதில் பதில் எழுதியிருப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அவங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான்னு சொன்னா நான் போயிருப்பேன். அவங்கன்னு சொன்னா ரெண்டு பேரும் போயிருப்போம். நீங்க... உங்களுக்கு வீடு இருக்கு, நோரீன் இருக்காங்க. எனக்கு இன்னும் பொண்ணு படிக்குது.”

“அதுக்காக என் கண்ண வித்துட்ட.”

“வித்தேன்னு சொல்லாதீங்க பெருசு.”

“வேற என்ன சொல்றது? வாடகைக்கு விட்டேன்னா?”

அவன் சிரித்துவிட்டான். பழக்கம். நான் எதையாவது சொன்னால் அவன் சிரிப்பான், இருபது வருடமாக. சிரித்த பிறகு, எதற்குச் சிரித்தோம் என்று அவன் முகம் தேடியது. நானும் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

தாங்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு காருக்குப் போனேன். கதவைத் திறப்பதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். லெனோர். அவர் நடந்து நான் பார்த்திருக்கிறேன், விரைந்து பார்த்ததில்லை.

“ஓரின், ஒரு நிமிஷம். அந்தத் தாங்கி.”

“என்னோடது, பாஸ்.”

“தெரியும். ஹோவிக்கிட்ட இருக்கிற எதுவும் அந்த லென்ஸுக்குப் பொருந்தலையாம். ஆறு மாசத்துக்கு வாடகைக்குக் குடுங்க. நல்ல வாடகையா போட்டுக்கங்க.”

“பொருந்தாதுன்னு எனக்கும் தெரியும்.”

“சரி, வாடகை வேண்டாம். நீங்களே வாங்க.” குரல் சட்டென்று மெத்தென்று ஆனது. “லென்ஸப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். டெல் முதல் ஆளா இருப்பான். நீங்க கூட இருங்க. ஆறு மாசம். நாற்காலி போட்டுத் தரச் சொல்றேன்.”

எனக்கு வேண்டியது அதுதானே? ஆறு மாதம். லோன் பைன். காலையில் பாறைகள் மேல் வெயில் ஏறுவது. துண்டுக்குள்ளிருந்த தாங்கி கையில் கனத்தது. அந்தக் கனத்தில் ஒரு ‘சரி’ என் தொண்டை வரை வந்து நின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

“வர்றேன் பாஸ்” என்றேன். “உள்ள போய், ஹோவிக் முன்னாடி, டெல் முன்னாடி, அந்தத் தட்ட யாரு மாத்தச் சொன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம் நான் தரையில உக்காந்துகூட வேலை பாக்கறேன். நாற்காலி வேண்டாம்.”

லெனோர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முகம் சிவக்கவில்லை, வெளுக்கவில்லை. கழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். வெயிலை அளப்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

“இந்த வேலையில என்னோட பேரு மங்கலாகக் கூடாது, ஓரின். இப்ப என்னைப் பாத்துக்கிட்டு நிறைய பேர் இருக்காங்க. பொண்ணு ஒருத்தி அறுபது வயசுல ஒரு தொடர் எடுக்கறான்னா எதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் பாஸ். அறுபத்தெட்டுலயும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நீங்க என்னைப் புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்.”

“புரிஞ்சுது. அதான் வீட்டுக்குப் போறேன்.”

அவர் திரும்பி நடந்து போனார். விரையவில்லை. ஹோவிக் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனாவது ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் கையைத் தூக்கினான், பாதியில் இறக்கினான். கடைக்கு லெனோர் பெரிய வாடிக்கையாளர். வருடத்துக்கு ஒருமுறை டோனட் கொண்டுவருகிறவனைவிடப் பெரிய வாடிக்கையாளர். என்றாலும் ஜெல்லி வைத்ததை இனி அவனுக்கு வாங்கப்போவதில்லை.

தாங்கி இல்லாமல் கெர்ட்ரூட் அத்தை லோன் பைன் போகவில்லை. கடையில் தன் பெட்டியிலேயே படுத்துவிட்டாள். அவளுக்குப் பதில் கைக்கடக்கமான புது ஜூம் ஒன்றைக் கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். மெல்லிய கம்பி, நெம்புகோல் தட்டு, தாங்கியே தேவையில்லாத லென்ஸ். எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் முளைத்தது. படட்டும். பாறையும் மீசையும் குழையட்டும். அப்போது ஓரினின் நாலு ஸ்குரூ ஞாபகம் வரும்.

இலையுதிர் காலத்தில் தொடர் வந்தது. ஒவ்வொரு வாரமும் நோரீன் சோளப்பொரி வறுத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்காருவாள். நான் தொலைக்காட்சிக்கு ஓரடி முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, படத்தின் நான்கு மூலைகளையும் பார்ப்பேன். மேல் இடது. மேல் வலது. கீழ் இடது. கீழ் வலது. தொப்பி விளிம்பு, குதிரைக் குளம்பு, வேலிக்கம்பி.

“தலைய எடுங்க. ஷெரீப் யாரைச் சுட்டாரு?” என்பாள் நோரீன்.

“தெரியல.”

“அந்தப் பொண்ணு ஏன் அழறா?”

“தெரியல. ஆனா அழறது நல்லா தெளிவா இருக்கு.”

கடைசி வாரம் வரைக்கும் பார்த்தேன். சூரிய அஸ்தமனத்தில் குதிரைகள் ஓடின, புழுதி பறந்தது, ஒரு முழு மலை ஊர்ந்து வந்து திரையில் நிறைந்தது. எங்கும், எந்த மூலையிலும், ஒரு மயிரளவுகூட மங்கவில்லை. கடைசியில் எழுத்துகள் ஓடின. முதல் உதவியாளர்: ரஸ் டெல்வெக்கியோ. அந்தப் பேரும் கூர்மையாக இருந்தது.

லெனோர் எனக்குச் செய்ததை நான் மறந்துவிடலாம். டெல் செய்ததைக்கூட, அவன் மகள் நோரீனுக்கு இன்னும் போன் செய்வதால், ஏதோ ஒருநாள் மறந்துவிடுவேன். நான் இல்லாமல் அந்தப் படம் அவ்வளவு தெளிவாக இருந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.